வீசாத காற்றுக்கு எழுதிய ஒதுக்கீடு

பயப்படுகிறவனுக்கு ஊரில் மரியாதை கிடையாது. ஆனால் அதே ஆள் பி.காம். படித்துவிட்டால், மாதச் சம்பளம் கொடுத்து, ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்துப் பயப்படச் சொல்வார்கள். நான் அப்படிச் சம்பளம் வாங்கியவன். அந்தச் சம்பளத்துக்கு நான் செய்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

பயம் நான் படித்து வாங்கியது இல்லை, கூடப் பிறந்தது. பள்ளிக்கூடத்தில் வைகை அணைக்கு டூர் கூட்டிப்போனபோது, அணை உடைந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று இடம் பார்ப்பதிலேயே நேரம் போய், பூங்காவைப் பார்க்காமல் திரும்பினேன். பரீட்சைக்கு மூன்று பேனா எடுத்துப்போவேன். மூன்றும் மக்கர் செய்தால் என்ன செய்வது என்று ஒரு பென்சில். (பென்சிலில் எழுதினால் திருத்துவீர்களா என்று வாத்தியாரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.) வீட்டில் திருத்திப் பார்த்து அலுத்து, கடைசியில் 'அவன் அப்படித்தான்' என்று விட்டுவிட்டார்கள்.

கல்லூரியில்தான் எனக்கு விடிந்தது. கணக்குப்பதிவியல் வகுப்பில் ஒரு கொள்கை சொன்னார்கள். வரும் என்று நினைக்கிற லாபத்தைக் கைக்கு வரும்வரை எழுதாதே. வரக்கூடும் என்று தோன்றுகிற நட்டத்தை இப்போதே எழுதிவிடு. நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாதபோது எந்த நிறுவனமும் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, கொஞ்சம் அடக்கியே வாசிக்க வேண்டும் என்பது சாரம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அத்தனை வருடமாக என்னைத் திட்ட வைத்த வியாதிக்குப் பாடப்புத்தகத்தில் மரியாதையான பெயர் இருந்தது. எச்சரிக்கைக் கொள்கையாம். கூடப் படித்தவர்கள் காதலில் விழுந்த வயதில் நான் இதில் போய் விழுந்தேன்.

அடுத்த பக்கத்தில், எச்சரிக்கை என்ற பெயரில் இருக்கிற லாபத்தை இல்லை என்று காட்டுவதும் பொய்க்கணக்குதான் என்று இரண்டு வரி இருந்திருக்கிறது. அது பரீட்சைக்கு வராது என்றார்கள். விட்டுவிட்டேன்.

சி.ஏ. படிக்கச் சொன்னார்கள். தோற்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் விண்ணப்பமே போடவில்லை. அந்த நேரத்தில்தான் சின்னமனூரில் வாழை விவசாயிகள் சேர்ந்து நடத்திய உற்பத்தியாளர் நிறுவனத்துக்குக் கணக்குப் பார்க்க ஆள் தேடினார்கள். ஊரில் அதைக் 'கம்பெனி' என்றுதான் சொல்வார்கள். சிபாரிசு செய்தது என் அத்தை பேச்சியம்மாள். அப்பாவின் அக்கா. மாமா போன பிறகு இரண்டு ஏக்கர் வாழையை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவர். கம்பெனி தொடங்கியபோது முன்னால் வந்து பங்கு போட்டவர்களில் ஒருவர்.

"என் மருமகன் அஞ்சு காசு தப்ப மாட்டான்" என்று அத்தை தலைவரிடம் சொன்னார். (அஞ்சு காசு தப்பவில்லை என்பது உண்மைதான். தப்பியதெல்லாம் லட்சத்தில்.)

தலைவர் ராசாங்கம், பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று வாழைக்கு வந்தவர். பஸ்ஸை விட்டு அவர் இறங்கினாலும் பஸ் அவரை விட்டு இறங்கவில்லை. கூட்டத்தில் யாராவது இழுத்துப் பேசினால், "பேசி முடிச்சவுக உள்ள தள்ளிப் போங்க, ஏறுறவுகளுக்கு வழி விடுங்க" என்பார். நல்ல மனிதர். அவருக்கு ஒரே கனவுதான். கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு பழ ரூம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வாழைத்தாரைக் காயாகத்தான் வெட்டுவார்கள். அதைக் குளிர்ந்த அறையில் அடுக்கி, பதமாகப் பழுக்கவைத்தால்தான் கடைக்குப் போகும். அந்த அறை வியாபாரிகளிடம்தான் இருந்தது. "வெட்டுன தாருக்கு வாய் கெடையாது தம்பி. ரூம் வச்சிருக்கவன் சொல்றதுதான் வெல" என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே தலைவர் எனக்குப் பாடம் எடுத்தார். தேனி ரோட்டில் ஒரு வியாபாரி தொழிலை விட்டு ஒதுங்கப்போகிறார், அவருடைய பழ ரூம் மிஷினோடு விலைக்கு வருகிறது. ஆனி மாதம் முடிவதற்குள் பணம் கட்டினால் சாவி நம் கையில். வங்கியில் கடன் கேட்டிருந்தார்கள். முதல் வருடக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றது வங்கி.

அத்தைக்கு இந்த ரூம் உயிர். "ஆடிக் காத்துல வருசா வருசம் பாதித் தோட்டம் சாயுது. தார் முக்காவாசி வெளஞ்சுதான் இருக்கும். வாங்க ஆள் இல்லாம மாட்டுக்குப் போடுறோம். ரூம் இருந்தா அம்புட்டையும் பழுக்க வச்சுக் காசாக்கிரலாம்ல" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருடம் காற்றுக்கு முன்னால் ரூம் வந்துவிட வேண்டும் என்று குச்சனூர்க் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதாகவும் கேள்வி.

ஆக, நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு வருடக் கணக்கை உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். கம்பெனிக்குக் கொஞ்சம் லாபம் இருந்தது. அதை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருந்தால், இன்றைக்கு இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

எனக்குத் தூக்கம் வரவில்லை. லாபம் என்று எழுதிவிட்டு நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தலைவரிடம் போனேன்.

"அண்ணே, லாபத்த அப்படியே காட்ட வேணாம்னு பாக்குறேன். வரப்போற நட்டத்துக்குன்னு கொஞ்சம் எழுதி வைக்கணும். அதுதான் மொறை."

தலைவர் யோசித்தார். எங்கள் பள்ளத்தாக்கில் இது புரியாத விஷயமே இல்லை. தோட்டத்தில் தார் தாராய்த் தொங்கும். விளைச்சல் எப்படி என்று கேட்டால் "ஏதோ இருக்கு" என்பார்கள். நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னவரை நான் பார்த்ததில்லை. கண் பட்டுவிடும்.

"புள்ளைக்குக் கன்னத்துல மை வைக்கிற மாதிரின்னு சொல்லு."

"ஆமாண்ணே. அதேதான்."

"அப்பச் சரி. வையி."

அவர் சொன்னது ஒரு பொட்டு. நான் பிள்ளையின் முகம் முழுக்கப் பூசிவிட்டேன்.

முதலில் காற்று. காற்று அடிக்குமா என்று அம்மாவிடம் கேட்டேன். "அடிக்காம?" என்றார். அது போதும், எழுதிவிட்டேன். காற்று அடிக்காவிட்டால் மழை இல்லாமல் போகலாம், எழுதினேன். மழை அதிகமாகிவிட்டால்? அதற்கும் எழுதினேன். (ஒரே வருடத்தில் மழை இல்லாமலும் அதிகமாகவும் எப்படிப் பெய்யும் என்று கேட்க அந்த அறையில் என்னைத் தவிர யாருமில்லை.) பெரியாற்றுத் தண்ணீர் திறப்பது தள்ளிப்போகலாம். குமுளி மலைப்பாதையில் மண் சரிந்து லாரி நிற்கலாம். காட்டுப்பன்றி வரலாம். பன்றி வந்தால் மேகமலையிலிருந்து யானை வராது என்று என்ன நிச்சயம்? யானை அத்தனை தூரம் சின்னமனூருக்கு இறங்கி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஆனால் சரித்திரம் என்பது இதுவரை நடந்தது மட்டும்தானே என்று என் மூளை சொன்னது. யானைக்கும் ஒரு தொகை எழுதினேன்.

அப்புறம் வர்கீஸ் சேட்டன். கம்பெனிக் காயில் பாதியைக் கடனுக்கு வாங்குகிற கேரள வியாபாரி. கணக்கை ஓணத்துக்கு முன்னால் நேர் செய்துவிடுவார். கொடுக்கல் வாங்கலில் அவரை ஒரு குறை சொன்னவர் இல்லை. ஆனால் இந்த ஓணம் இன்னும் வரவில்லையே. வர்கீஸ் சேட்டனையும் சேர்த்துக்கொண்டேன்.

எல்லாம் எழுதிக் கூட்டிப் பார்த்தால் லாபம் போய், கம்பெனி கழுத்தளவு நட்டத்தில் நின்றது. எனக்கு அன்றைக்கு அபாரமான நிம்மதி. இதற்கு மேல் எது நடந்தாலும் நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன். வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

முறைப்படி தேனியில் இருக்கிற ஆடிட்டர் பார்த்த பிறகுதான் கணக்கை வெளியில் சொல்ல வேண்டும். தலைவருக்குப் பொறுமையில்லை. ஆனி முடிகிறதே. "ஆடிட்டர் பெறகு பாக்கட்டும். மொதல்ல மெம்பர்களக் கூட்டுவோம், மேனேஜர் அம்மாவையும் கூப்பிட்டு உக்கார வச்சுக் கணக்க வாசிப்போம். நம்ம ஒத்துமையப் பாத்தாலே கடன் குடுத்துருவாக" என்றார். மேனேஜர் அம்மா என்றது வங்கி மேலாளரை. கூடவே, பெரிய வாடிக்கையாளர் என்பதால் வர்கீஸ் சேட்டனுக்கும் அழைப்பு. எல்லாருக்கும் விளங்க வேண்டும், அதனால் கணக்கைத் தமிழிலேயே வாசித்துவிடு என்று எனக்கு உத்தரவு.

கணக்கு எவ்வளவு என்று தலைவர் கேட்டார். "எல்லாம் மொறைப்படி இருக்குண்ணே" என்றேன். அவர் என்னை நம்பினார். அத்தை சொல்லிச் சேர்த்த பையன் இல்லையா.

இங்கேதான் அந்தச் சொல் வருகிறது. இப்படி முன்கூட்டி எழுதுகிற தொகையைப் பாடப்புத்தகம் 'ஒதுக்கு' என்று மொட்டையாகச் சொல்லும். மைக்கில் 'காற்று ஒதுக்கு' என்று வாசித்தால் நன்றாக இருக்காதே என்று நானே அழகு பார்த்து, 'ஒதுக்கீடு' என்று மாற்றிக்கொண்டேன். என் மானத்தை வாங்கியது அந்த 'கீடு'தான்.

ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். மேஜைக்குப் பின்னால் தலைவர், மேனேஜர் அம்மா, வர்கீஸ் சேட்டன். மேனேஜர் அம்மா ஊருக்குப் புதிது, அதிகம் பேசாதவர், மடியில் ஃபைல். சேட்டனுக்குத் தலைவர் சால்வை போர்த்தினார். "நம்ம கம்பெனியோட நம்பிக்கை நட்சத்திரம்" என்று அறிமுகமும் செய்தார். எல்லாருக்கும் வடையும் டீயும். முன் வரிசையில் அத்தை, புதுச்சேலையில், 'என் மருமகன் வாசிக்கப்போறான்' என்று பக்கத்து நாற்காலிகளுக்கெல்லாம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

நான் மைக்கைப் பிடித்தேன். வரவு, செலவு என்று வாசித்தபோது கூட்டம் வடையில் கவனமாக இருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்.

"காற்றினால் வாழை சாயும் சேதத்துக்கு ஒதுக்கீடு, நான்கு லட்சம் ரூபாய்."

கூட்டம் மென்றதை நிறுத்தியது. பின்வரிசையிலிருந்து ஒரு கைத்தட்டல். அடுத்து கூடம் முழுக்கக் கைத்தட்டல்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எச்சரிக்கைக் கொள்கையை இவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்ட மக்கள் உலகத்தில் வேறெங்கே இருப்பார்கள்! குரலைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டேன்.

"வறட்சிக்கு ஒதுக்கீடு, இரண்டு லட்சம்."

கைத்தட்டல்.

"காட்டுப்பன்றிச் சேதத்துக்கு ஒதுக்கீடு, ஒரு லட்சம்."

யாரோ விசில் அடித்தார்கள். யானை ஒதுக்கீட்டுக்கு எழுந்து நின்றே தட்டினார்கள். அரசாங்கம்கூட யானைக்கு இத்தனை சீக்கிரம் தந்ததில்லை என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்தும் எனக்கு உறைக்கவில்லை. செய்தியில் தினமும் கேட்கிறோமே, நிவாரணத்துக்கு இத்தனை கோடி ஒதுக்கீடு, சாலைக்கு இத்தனை கோடி ஒதுக்கீடு என்று. ஒதுக்கீடு என்றால் ஜனங்களுக்குக் கைக்கு வரப்போகிற பணம். நான் நட்டத்தைப் பட்டியல் போட, கூட்டம் பட்டுவாடாவைக் கேட்டுக்கொண்டிருந்தது. நட்டத்துக்குக் கைத்தட்டு வாங்கிய ஒரே கணக்காளன் நானாகத்தான் இருப்பேன்.

மேனேஜர் அம்மா மட்டும் தட்டவில்லை. பேனாவைத் திறந்து எதையோ குறித்துக்கொண்டிருந்தார். தலைவரின் முகத்தில் வழக்கமான சிரிப்பு இருந்தது, ஆனால் யாரோ பிடித்துவைத்த மாதிரி அசையாமல் இருந்தது.

கைத்தட்டல் தந்த போதையில் அடுத்த வரியை அப்படியே வாசித்தேன்.

"வர்கீஸ் அவர்கள், வாராக்கடன் ஒதுக்கீடு, மூன்று லட்சம்."

இதற்குக் கைத்தட்டல் வரவில்லை. வாராக்கடன் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். சேட்டன் கழுத்துச் சால்வையை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"வாராக்கடனோ? ஞான் வராத்த ஆளாணோ? பின்னே இப்ப இங்க வந்நு இரிக்குன்னது ஆரா மோனே?"

"அது சும்மா ஒரு எச்சரிக்கைக்கு…" என்றேன் மைக்கில்.

மைக்கில் சொல்லியிருக்கக் கூடாது. சேட்டன் சால்வையை எடுத்து மடித்தார், மேஜையில் வைத்தார், தலைவருக்கு மட்டும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். வெளியே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. நிறுத்திவிடு என்று தலைவர் எனக்குக் கையைக் காட்டினார். எனக்குக் கடைசி வரி பாக்கி இருந்தது. பாதியில் நிறுத்தினால் கணக்கு அரைகுறையாகிவிடுமே என்ற பயம்.

"ஆகவே இந்த ஆண்டு நமது கம்பெனிக்கு நிகர நட்டம் ஏழு லட்சம்."

அத்தை எழுந்து நின்றார்.

"நட்டமா? ஏம்ப்பா, எங்களுக்குன்னு இம்புட்டு லட்சத்த ஒதுக்கிப்பிட்டுக் கம்பெனி நட்டத்துல நிக்குதா? பாவம்ப்பா. எல்லாத்தையும் அள்ளிக் குடுக்க வேணாம். எனக்கு அந்தக் காத்துக் காசுல பாதி குடுத்தாப் போதும்."

"எனக்கும் பாதி போதும்" என்றது இன்னொரு குரல். "பன்னிக் காசு முழுசா வேணும், என் கடலையில பாதிய அதுதான் தின்னுச்சு" என்றது வேறொன்று. யார் பெயரை எங்கே எழுதிக்கொடுப்பது என்று கேட்டு மேஜை முன்னால் வரிசை நின்றுவிட்டது. தலைவர் பழக்கதோஷத்தில் "வரிசையா வாங்க, சில்லறையா வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதை நினைத்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அத்தனை பேர் மத்தியில் நின்று நான் விளக்கினேன். ஒதுக்கீடு என்றால் கொடுப்பதற்கான பணம் இல்லை. நட்டம் வரலாம் என்று கணக்கில் மட்டும் எழுதுவது. தனியாக எடுத்துவைத்த பணம் என்று எங்கேயும் இல்லை. சொல்லச் சொல்ல முகங்கள் மாறின. சற்று முன் எழுந்து நின்று தட்டியவர்கள் உட்கார்ந்தார்கள். மேனேஜர் அம்மா ஃபைலை மூடினார். அவர் டீ ஆறிப்போய் அப்படியே இருந்தது.

அன்று தலைவர் என்னைத் திட்டவில்லை. மண்டபத்து வாசலில் நின்று, "மை வைக்கச் சொன்னேன் தம்பி" என்றார். அவ்வளவுதான். நாலு சாத்துச் சாத்தியிருந்தால் தேவலை.

மறுவாரம் தேனி ஆடிட்டர் என் கணக்கைப் படித்தார். யானை வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இது கணக்கா, ஜாதகமா?"

யானையின் மேல் ஒரே கோடாக இழுத்தார்.

"நடந்து முடிஞ்சத வச்சு நம்ம தலையில விழுந்ததுக்குத்தான் எழுதணும். நாளைக்கு விழலாம்கிறதுக்கெல்லாம் எழுதுனா உலகத்துல ஒரு கம்பெனியும் லாபத்துல இருக்காது. நீ கூட்டிக் காட்டுனாப் பொய்யி, கொறைச்சுக் காட்டுனா மட்டும் மெய்யாயிருமா?"

அவர் எல்லாவற்றையும் அடித்துத் திருத்தினார். கம்பெனி மறுபடி லாபத்துக்கு வந்தது. அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு நானும் தலைவரும் வங்கிக்குப் போனோம். மேனேஜர் அம்மா முழுக்கப் படித்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"அன்னைக்குக் கூட்டத்துல ஏழு லட்சம் நட்டம்னு மைக்ல வாசிச்சீங்க. இன்னைக்கு லாபம்ங்கிறீங்க. நான் எதை நம்பணும், சார்?"

"இதுதான்மா உண்மை. அது என் பயம்" என்றேன்.

"எனக்கும் பயம் இருக்குமில்லையா? ஒரு வருஷம் போகட்டும். அடுத்த கணக்கையும் பார்த்துட்டுச் செய்வோம்."

அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவரும் என் கட்சிதான். நிச்சயமில்லாத இடத்தில் கையை இழுத்துக்கொண்டார், நான் செய்ததையே செய்தார். நான் காட்டிய பயம் எங்களிடமே திரும்பி வந்து கதவைச் சாத்தியது. ஆனி முடிந்தது. பழ ரூமை மதுரைப் பக்கத்து வியாபாரி ஒருவர் வாங்கிக்கொண்டார்.

ஆடியில் காற்று வந்தது.

நான் எழுதியதைவிட அதிகமாகவே வந்தது. குமுளிக் கணவாய்ப் பக்கமிருந்து இறங்கி மூன்று நாள் விடாமல் அடித்தது. காலையில் போய்ப் பார்த்தால் அத்தையின் தோட்டத்தில் நின்ற மரங்களை எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் ஒரே பக்கமாகத் தலைசாய்ந்து கிடந்தது. தார்கள் முக்கால் விளைச்சலில், பச்சையாக, கனமாக, மண்ணில் புதைந்து கிடந்தன. அறையில் ஏற்றிவிட்டால் ஒரு வாரத்தில் பழமாகியிருக்கும். ரூமின் புது முதலாளியிடம் தலைவர் போனில் கெஞ்சினார். தன் சரக்குக்கே இடமில்லை என்றார் அவர். வேறு எத்தனையோ வியாபாரிகளைக் கூப்பிட்டோம். விழுந்த காய் எல்லாருடைய தோட்டத்திலும்தான் கிடந்தது.

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் வர்கீஸ் சேட்டன் லாரி அனுப்பி, கிடைத்த விலைக்காவது அள்ளிக்கொண்டு போவார். அந்த வருடம் லாரி வரவில்லை. பணம் மட்டும் வந்தது. ஓணத்துக்கு வெகு முன்னாலேயே, பைசா பாக்கியில்லாமல், ஒரு வார்த்தையும் இல்லாமல் கம்பெனி அக்கவுண்டில் வந்து விழுந்தது. வாராக்கடன் வந்துவிட்டது, இனி வராதது அவர்தான்.

காற்று நின்ற இரண்டாம் நாள் அத்தை ஆபீசுக்கு வந்தார். சேலை முழங்கால்வரை சேறு. செருப்பை வெளியே விட்டுவிட்டு, என் மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகும் அவருக்குள் ஒரு நம்பிக்கை எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது என்பது அவர் பேச ஆரம்பித்ததும்தான் எனக்குத் தெரிந்தது.

"மருமகனே, அன்னைக்கு வாசிச்சியே, காத்துக்கு நாலு லட்சம்னு. இப்பத்தான் காத்து வந்துருச்சுல்ல. அதுலருந்து எனக்குக் கொஞ்சம் பாத்துச் சொல்லுடா."

"அத்தை, அன்னைக்கே சொன்னேன்ல. அது காசு இல்ல அத்தை."

"அன்னைக்குக் காத்து வரல, அதுனால இல்லைன்னு நீ சொன்னியோன்னு நெனச்சேன்."

"எழுத்துல மட்டும்தான் அத்தை இருந்துச்சு. அதையும் ஆடிட்டர் அடிச்சிட்டாரு."

அத்தை கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. உண்மையாகவே புரிந்துகொள்ளத்தான் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கால்குலேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காசும் ஒதுக்கல. ரூமும் வரல. வந்த யாவாரியும் போயிட்டாரு" என்றார். "அப்ப ஒதுக்குனது எங்களத்தானாடா?"

கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அறையில் யாரும் இல்லை என்பதை முதலில் நிச்சயப்படுத்திக்கொண்டுதான் அழுதேன். நான் அப்படித்தான்.

அந்த வேலையில் அதற்கு மேல் இருக்க முடியவில்லை. தலைவர் போகச் சொல்லவில்லை, நானே நின்றுகொண்டேன். இப்போது தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். அங்கே சாயம் போகிற வேட்டிக்குக்கூட முன்கூட்டி எதையும் எழுதுவதில்லை. கம்பெனி இருக்கிறது, காயாக வாங்கிக் காயாகவே விற்கிறது. ஒவ்வொரு வருடமும் பழ ரூம் பற்றிப் பேசுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் ரூமின் விலை, கடன் விண்ணப்பத்தில் இருக்கும் தொகையைத் தாண்டிப்போய்விடுகிறது. அத்தை வாழையை விட்டுவிட்டுத் தென்னை வைத்தார்.

எங்கள் குடும்பத்தில் இப்போது 'ஒதுக்கீடு' என்றால் இல்லாத பொருள் என்று அர்த்தம். சம்பளம் வந்ததா என்று என் மனைவி கேட்பதில்லை, "ஒதுக்கீடா, கையில வந்துச்சா?" என்றுதான் கேட்பாள். மகள் வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்றால், "ஒதுக்கீடா?" என்பான் அவள் தம்பி. விசேஷ வீடுகளில் என்னைப் பந்தியில் பார்த்துவிட்டால் போதும், அத்தை விட மாட்டார். இலையில் பழம் வைக்கும்போது அதை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, வரிசைக்கே கேட்கிற மாதிரிச் சொல்வார்:

"மருமகனே, இது நெசமாவே இருக்குடா."

பந்தி முழுக்கச் சிரிக்கும். அத்தையும் சிரிப்பார், நானும் சிரித்துவிட்டுப் பழத்தை உரிப்பேன். எங்கள் ஊரில் விளைந்து, காயாக லாரி ஏறிப்போய், எவனோ ஒருவன் ரூமில் பழுத்து, மூன்று மடங்கு விலையில் எங்கள் இலைக்கே திரும்பி வந்த பழம்.